உன் அம்மா வேண்டாம் என்ற வால்வு

பாப்பா,

காலை பதினொன்று பத்தொன்பது. நேரம் இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருப்பதற்குக் காரணம், அதை அப்போதுதான் என் கையால் எழுதியிருந்தேன். தொழிற்சாலையில் குளிரூட்டும் இயந்திரங்களின் சூட்டை ஒவ்வொன்றாகப் பார்த்து, பார்த்த நிமிடத்தையும் சேர்த்து ஒரு தாளில் எழுதுவதுதான் என் வேலை. சூப்பர்வைசர் வந்து தோளில் கை வைத்தார். "தம்பி, கொஞ்சம் வெளிய வா. உங்க ஊர்க்காரர் ஒருத்தர் கேட்டாண்ட நிக்கறாரு" என்றார். "ரீடிங் எழுதிட்டு வரேன் சார்" என்றேன். "எழுதாதப்பா. உன் சம்சாரம் தவறிட்டாங்களாம்" என்றார். அந்த வரிசையில் இன்னும் இரண்டு கட்டங்கள் மீதியிருந்தன. இரண்டையும் நிரப்பினேன். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை சரியாக வரவில்லை. கல்நெஞ்சன் என்று உன் அம்மா வீட்டில் சிலர் சொன்னார்கள். நீயும் கேள்விப்பட்டிருப்பாய்.

அப்போது உனக்கு இரண்டரை வயது. இதை எழுதும்போது மூன்று தாண்டியிருக்கிறது. நீ படிக்கும்போது உனக்கு வண்டி ஓட்டும் வயது வந்திருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன். அதற்குள் உன் தாய்மாமன் ஏழுமலையைப் பற்றி ஊர் உனக்கு ஒன்று சொல்லியிருக்கும். பழவேற்காட்டு ஏரியின் உப்புத் தண்ணியை ஊற்றி வண்டியைக் கெடுத்தான், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டி நின்றது, அக்காளைக் கொன்றான் என்று. அது பொய். அதை முதலில் கிளப்பிவிட்டவன் நான். உண்மையைச் சொன்னால் உன்னை என்னிடம் விடமாட்டார்கள் என்கிற பயம் எட்டு மாதம் என் வாயைக் கட்டிப் போட்டிருந்தது. அதனால் இந்தக் கடிதத்தில் முதலில் ஒரு சின்ன இயந்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது புரிந்தால்தான் நான் செய்தது புரியும்.

எஞ்சினைச் சுற்றி எப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். எஞ்சினின் சூட்டை வாங்கி, முன்னால் இருக்கும் ரேடியேட்டரில் கொண்டுபோய் ஆற்றிக்கொண்டு திரும்பி வரும். ஆனால் வண்டியைக் கிளப்பிய முதல் சில நிமிடங்கள் அது ரேடியேட்டருக்குப் போகக் கூடாது. எஞ்சினும் தன் சூட்டுக்கு வந்தாக வேண்டும். வந்தால்தான் எண்ணெய் இளகும், டீசல் முழுசாக எரியும், உள்ளே தேய்மானம் குறையும். அதற்காக வழியில் ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும். நடுவில் ஒரு பித்தளைக் குப்பி, குப்பிக்குள் மெழுகு. தண்ணீர் எண்பது டிகிரியைத் தாண்டும்போது மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ளும், வால்வு திறக்கும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். ஆறினால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். கரண்டும் கிடையாது, ஒயரும் கிடையாது. அது கெடுவது இரண்டு விதமாக. திறந்தபடியே நின்றுவிட்டால் எஞ்சின் சூடேறாது, டீசலைக் குடிக்கும், அவ்வளவுதான். மூடியபடியே நின்றுவிட்டால் ரேடியேட்டர் சும்மா இருக்கும், எஞ்சின் கொதித்துப்போகும்.

நம் பக்கத்து மெக்கானிக்குகள் இந்த வால்வைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆரம்பாக்கத்திலிருந்து பழவேற்காடு வரை எந்தப் பழைய வண்டியைத் திறந்தாலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். நண்டும் ஐஸும் ஏற்றுவதற்கு ஏழுமலை வைத்திருந்த மினி வேனிலும் அப்படித்தான். நான் டிப்ளமோ படித்தவன். தப்பு என்று எனக்குத் தெரியும். சூடு காட்டும் முள் மேலே ஏறுவதே இல்லை, புகை தள்ளுகிறது, வண்டி டீசலைக் குடிக்கிறது என்று அவனிடம் ஒருநாள் எடுத்துச் சொன்னேன். "அட வுடு மாமா. அடிக்கற வெயில்ல வண்டிய சூடு பண்றதுக்கு ஒரு வால்வு வேறயா? குளுருக்கு போத்திக்கினு வந்தவன் கண்டுபுடிச்சது அது" என்று சிரித்தான். "எட்டாங்கிளாஸ் மெக்கானிக் சொல்றத கேக்காத, நான் போட்டுத் தரேன்" என்றேன். அந்தப் பேச்சில் இருந்த திமிர் இப்போதுதான் என் காதில் விழுகிறது.

புதிது வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. நான் வேலை பழகிய பட்டறையில் அதே மாதிரி வேனிலிருந்து கழற்றிய ஒன்று என் டூல்ஸ் பெட்டியில் கிடந்தது. ஆரம்பாக்கம் வீட்டில், சமையலறையில், பால் காய்ச்சும் சட்டியில் அதைப் போட்டு வேகவைத்துப் பார்த்தேன். கஸ்தூரி, உன் அம்மா, பக்கத்து அடுப்பில் இறால் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். நீ அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "பால் சட்டிதான் கெடச்சுதா உனுக்கு? கொழந்த குடிக்கற சட்டிய்யா அது" என்று கத்தினாள். கத்திக்கொண்டே எட்டியும் பார்த்தாள். முதல் தடவை திறந்தது. ஆறவைத்து மறுபடி போட்டேன், தாமதமாகத் திறந்தது. மூன்றாம் தடவை தண்ணீர் தளதளவென்று கொதித்தும் பாதிதான் திறந்தது. கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினேன், மீதியும் திறந்துகொண்டது.

"அதான் ஒழுங்கா தொறக்கலியே, அத எதுக்கு போடற?" என்றாள்.

"வண்டி சூட்டுல ஓடிஓடி சரியாயிடும். நீ கொழம்ப பாரு" என்றேன்.

ஒன்றும் படிக்காதவள் இல்லை உன் அம்மா, பன்னிரண்டாவது வரை படித்தவள். ஆனால் அன்று அவள் சொன்னதற்குப் படிப்பு தேவையில்லை. கண் இருந்தால் போதும். எனக்கும் கண் இருந்தது. அடுத்த நாளே ஏழுமலையின் வண்டியில் அதை மாட்டினேன். பாதி திறந்ததைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

உன் அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு உண்டு. மார்கழிப் பனியில் அதிகமாகும். வால்வு மாட்டிய பிறகு வந்த மார்கழியில் நீயும் அவளும் சுண்ணாம்புக்குளத்தில் அவளுடைய அக்கா தேவகி பெரியம்மா வீட்டில் இருந்தீர்கள். ஒருநாள் காலையில் திணறல் எடுத்து, வாயில் அடித்துக்கொள்ளும் மருந்துக்கும் அடங்கவில்லை. வாசலில் ஏழுமலையின் வேன் நின்றது. பெரியம்மாவும் அவனும் அவளைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். இறால் பண்ணைகளுக்கு நடுவில் போகிற ரோட்டில் முள் சிவப்புக்குப் போனது. அக்கா மூச்சுக்கு ஏங்குகிறாள், நிறுத்த மனம் வரவில்லை அவனுக்கு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஓட்டினான். புகை கிளம்பி எஞ்சின் தானாகவே நின்றது. இறங்கி ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். ஆவி பீறிட்டு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. வெந்த கையோடு ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு கால்வாய்க்கு ஓடித் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினான். வண்டி கிளம்பவில்லை. அரைமணி நேரம் கழித்து இறால் தீவனம் ஏற்றி வந்த லாரி ஒன்று ஏற்றிக்கொண்டது. லாரி நெடுஞ்சாலையைத் தொடுவதற்கு முன்பே பெரியம்மாவின் மடியில் உன் அம்மாவின் தலை சாய்ந்துவிட்டது.

நீ வண்டி ஓட்டினால் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள். முள் சிவப்புக்குப் போனால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்து. சூடான மூடியைத் தொடாதே. பக்கத்தில் இருப்பது உயிருக்கு ஆபத்தான ஆளாக இருந்தால் அந்த வண்டியை மறந்துவிடு, நடு ரோட்டில் நின்று வருகிற வண்டியைக் கைகாட்டு. ஏழுமலைக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருக்க வேண்டியவன் நான். அவனைத் திட்டத்தான் தெரிந்ததே தவிர சொல்லித் தரத் தெரியவில்லை எனக்கு.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு எல்லோரும் பெரியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். ஏழுமலை கையில் கட்டோடு என் முன்னால் வந்து குந்தினான். "மாமா, எனுக்கு ஒண்ணுமே பிரியல மாமா. எஞ்சின் கொதிக்குது, ரேடியேட்டர் அடிப் பைப்ப தொட்டு பாக்கறேன், அது ஜில்லுனு கெடக்குது. இன்னா மாமா ஆச்சு வண்டிக்கு?" என்று கேட்டு அழுதான்.

எஞ்சின் கொதிக்கும்போது அடிப் பைப்பு குளிர்ந்திருந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான், பாப்பா. தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகவில்லை. வால்வு மூடிக் கிடக்கிறது. அவன் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பால் சட்டியும் கரண்டியும் கண்முன் வந்து நின்றன. அப்போது என் வாயிலிருந்து வந்த கேள்வி: "ரேடியேட்டர்ல ஏரித் தண்ணி ஊத்துவியா நீ?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "எப்பனா லோடு ஏத்தற எடத்துல நல்ல தண்ணி இல்லனா ஊத்துவேன் மாமா. ரெண்டு மூணு வாட்டி ஊத்திருப்பேன்" என்றான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "உப்புத் தண்ணிடா அது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மீதியை ஊர் சொன்னது. "படிச்ச மனுசன் சொல்றாரு, கேட்டுக்கோ" என்று ஒருவர். "ஏரித் தண்ணிய ஊத்தி அக்காள அனுப்பிட்டியேடா பாவி" என்று இன்னொருவர். உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்கு ஆகாது என்பது உண்மை. அந்த உண்மையின் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

பத்தாம் நாள் முடிந்ததும் ஏழுமலை ஊரை விட்டுப் போனான். தோணிரேவில் யாரோ ஒருவருடைய படகில் கூலிக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். உன்னைப் பார்க்கக்கூட வரவில்லை. நான் காலையில் வேலைக்குப் போகும் வழியில் உன்னைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, மாலையில் தூக்கிக்கொண்டு வருவேன். ஒருநாள் பஸ்ஸில் "மாமா எங்க நைனா?" என்று கேட்டாய். ஜன்னலுக்கு வெளியே ஒரு மாட்டைக் காட்டினேன்.

ஆவணியில் உனக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். "என் மடி ஆவாது. வேற யாரையாச்சும் உக்கார வெச்சிக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டானாம். உன் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனை உட்கார வைக்கலாம் என்று பேசி முடித்தார்கள். அதைப் பெரியம்மா என்னிடம் சொன்னபோது வாசலோரம் கீற்று மறைப்புக்குள் அந்த வேன் நின்றுகொண்டிருந்தது. அதைச் சரி செய்து அவனிடம் கொடுத்துவிட்டால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை பார்த்துவந்தேன். ஹெட் கேஸ்கட் போயிருந்தது, மாற்றினேன். வெடித்த ஹோஸ்களை மாற்றினேன். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினேன். வால்வுக்கு மேல் இரண்டே போல்ட்டில் நிற்கிற அந்தச் சின்ன மூடியை மட்டும் திறக்கவில்லை. திறக்காதவரை ஏரித் தண்ணியாகவும் இருக்கலாம் அல்லவா?

காது குத்துக்கு முந்தின நாள் காலையில் திறந்தேன். வால்வின் மேல் வெள்ளையாய் உப்பு படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது, பாப்பா. எவ்வளவு கேவலமான நிம்மதி என்று உனக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் புளித் தண்ணீரில் ஊறப்போட்டு, பித்தளைப் பாத்திரம் தேய்ப்பதுபோல் பளபளவென்று தேய்த்தேன். உப்பு ஒரு துளி இல்லை. நல்ல தண்ணீரில் அதையும் புதிதாக வாங்கி வந்ததையும் சேர்த்துப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். புதியது எண்பத்திரண்டு டிகிரியில் அசைந்தது, கொஞ்ச நேரத்தில் முழுசாகத் திறந்தது. பழையது தண்ணீர் கொதித்துச் சட்டிக்கு வெளியே தெறிக்கும்வரை அசையவே இல்லை. எடுத்துப் பார்த்தால் குப்பியின் கழுத்தில் மெழுகு கசிந்து காய்ந்திருந்தது. உப்புத் தண்ணீர் வெளியே படியும். குப்பிக்குள் இருக்கும் மெழுகு போவதற்கும் இரண்டு மூன்று தடவை ஊற்றிய ஏரித் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. நான் மாட்டும்போதே அது செத்துக்கொண்டிருந்தது.

புதியதை மாட்டினேன். எப்படி மாட்டுவது என்றும் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சரியாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். எஞ்சின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டு வால்வின் மூடியைக் கழற்று. பழைய கேஸ்கட்டைப் பிளேடால் சுரண்டும்போது துணுக்கு உள்ளே விழாமல் துணி அடைத்துக்கொள். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் எஞ்சினை நோக்கி இருக்கட்டும். வால்வின் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது மேலே வர வேண்டும், உள்ளே மாட்டிய காற்று அதன் வழியாகத்தான் போகும். புது கேஸ்கட் வைத்து மூடி, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு. கூலண்ட் ஊற்றி, ரேடியேட்டர் மூடியைப் போடாமல் வண்டியைக் கிளப்பி, மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே அடிப் பைப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிரு. குளிர்ந்தே இருக்கும். திடீரென்று சுடும். வால்வு திறந்துவிட்டது என்று அர்த்தம். அன்று அந்தப் பைப்பு என் கைக்குள் சூடானபோது நான் கையை எடுக்கவில்லை. சுட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வண்டியிலேயே தோணிரேவுக்குப் போனேன். ஏழுமலை கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். வண்டியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அத எதுக்கு இங்க இட்டாந்த? வித்துடு. எனுக்கு வாணாம்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பழைய வால்வை அவன் கையில் கொடுத்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கிப் பளபளத்தது. அவன் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப ஏரித் தண்ணி இல்லியா?"

"இல்ல."

"மெய்யாலுமா?"

"தேச்சு சுத்தம் பண்ணிட்டுதான் வேக வெச்சேன். தொறக்கல. மாட்டும்போதே பாதிதான் தொறந்துச்சு. உங்கக்கா பாத்துட்டு வேணாம்னா. நான்தான் கேக்கல."

வால்வை உள்ளங்கைக்குள் வைத்து மூடினான். பிறகு சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. "எங்கக்கா மெக்கானிக்கா போயிருக்கணும் மாமா. நீ கொழம்பு வெச்சினு இருந்திருக்கணும்."

நான் அவன் எதிரில் குந்தினேன்.

"எட்டு மாசம். எங்கக்கா மூஞ்சிய கனவுல கூட நேரா பாக்க முடியல என்னால." வால்வை மணலில் வைத்தான். "அன்னிக்கு வாசல்ல எத்தினி பேர் இருந்தாங்க?"

"நாப்பது அம்பது பேர்."

"அத்தினி பேர் முன்னாடியும் சொல்லு. தோணிரேவு வரிக்கும் வந்து எங்காதுல மட்டும் சொன்னா? நான் தனியாவா பழி சொமந்தேன்?"

"பாப்பாவ எங்கிட்ட வுடமாட்டாங்க ஏழுமல."

வலையைக் கையில் எடுத்துக்கொண்டான். "அது எனுக்கு தெரியாது மாமா. நீயே பாத்துக்கோ" என்றான். வண்டிச் சாவியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை பெரியம்மா வீட்டு வாசலில் பாய் விரித்திருந்தது. ஆசாரி வந்து உட்கார்ந்திருந்தார். நீ பட்டுப் பாவாடையில் ஓடிக்கொண்டிருந்தாய். அன்று இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இருந்தார்கள். ஏழுமலை வந்திருந்தான், உள்ளே வராமல் வண்டியில் சாய்ந்து தெருவிலேயே நின்றான். நான் எழுந்து சொன்னேன். நீட்டவில்லை. கெட்ட வால்வு என்று தெரிந்தே மாட்டினேன், ஏரித் தண்ணியால் வண்டி நிற்கவில்லை, அது தெரிந்தும் மூன்றாம் நாள் உங்கள் எல்லோர் முன்னாலும் அவன்மேல் போட்டேன் என்றேன்.

"நல்ல காரியம் நடக்கற எடத்துல இன்னாப்பா இந்தப் பேச்சு?" என்றார் ஒரு பெரியவர். பெரியம்மா கையை நீட்டி அவரை நிறுத்தினாள்.

"அன்னிக்கு என் தம்பி உங்கால்ல வுழாத கொறையா கேட்டானே. அப்பவும் தெரியுமா உனுக்கு?"

"தெரியும்."

"அவன் ஊர வுட்டு போனப்ப?"

"தெரியும்."

"தெரிஞ்சிதான் என் வூட்ல தெனம் வந்து காப்பி குடிச்சியா?"

"எழுந்து வெளிய போ" என்றாள். ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். போனேன். போகும்போது ஏழுமலை என்னைக் கடந்து உள்ளே வந்தான். தோள் இடித்தது, திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றுவிட்ட தம்பி பாயிலிருந்து எழுந்துகொண்டான். ஏழுமலை உட்கார்ந்தான். நீ அவனை மறந்திருப்பாய் என்று நினைத்தேன். "மாமா கைல இன்னா?" என்று நீ கேட்டது தெருவரைக்கும் கேட்டது. அவன் ஏதோ சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் நீ வீறிட்டு அழுதாய். ஒரு காது. அப்புறம் இன்னொரு காது.

பெரியம்மா வெளியே வந்து, முகத்தைப் பார்க்காமல், "கொழந்த இங்கதான் இருக்கும். ஞாயித்துக்கெழம வா, பாத்துட்டு போ. தூக்கினு போவ முடியாது" என்றாள். சரி என்றேன். அவளிடம் எனக்குக் கோபமில்லை. உனக்கும் வேண்டாம். ஒன்று பாதிதான் திறக்கிறது என்று தெரிந்த பிறகும் தட்டிச் சரிக்கட்டி மாட்டுகிறவனிடம் ஒரு குழந்தையைக் கொடுக்க யாருக்கும் பயமாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் இன்று காலை நடந்தது. மதியத்திலிருந்து என் அண்ணன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். "எவனுக்குடா தெரிஞ்சிருக்கப் போவுது? எதுக்கு வாயத் தொறந்த?" என்று முதலில் திட்டினான். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது குரல் இறங்கியிருந்தது. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல. பொண்டாட்டி போன துக்கத்துல இன்னா பேசறோம்னு தெரியாம ஒளறிட்டேன்னு சொல்லு. நான் நாலு பெரியவங்கள இட்டுனு வந்து பேசறேன். கொழந்தைய ஒரே வாரத்துல வாங்கிடலாம். ஒரு வார்த்த சொல்லுடா, போதும்" என்றான். சொன்னால் நடக்கும் என்று எனக்கும் தெரியும். எட்டு மாதமாக அழாதவன் புத்தி கலங்கிவிட்டான் என்றால் ஊர் நம்பும். ஒரு வாரத்தில் நீ மறுபடி என் பக்கத்தில் தூங்குவாய். ஏழுமலை மறுபடி தோணிரேவுக்குப் போவான்.

உன் பாய் சுருட்டியபடியே இருக்கிறது. மூன்றாவது முறையாக அண்ணன் கூப்பிடுகிறான். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, பாப்பா. அதனால் போனை அணைத்துவிட்டேன்.